ஆஃப் கிளட்ச்

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, பட்டாபிராம் மேம்பாலத்து ஏற்றத்தில் சிவப்பி மூச்சை விட்டாள். எஞ்சின் என்னவோ ஊரைக் கூட்டுகிற மாதிரி இரைந்தது. சக்கரம் மட்டும் எனக்கென்ன என்று நின்றது. பின்னால் வந்த தண்ணி லாரிக்காரர் ஹாரனாலேயே நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் ஆனந்தன். கருகிய வாடை மூக்கில் ஏறியதுமே என்ன போச்சு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. யாரால் போச்சு என்பதும் தெரியும்.

சிவப்பி என்பது கார். வயது இருபத்திரண்டு. இரண்டே சீட்டு, மடக்கிவிடக்கூடிய கூரை, தரையை ஒட்டின உடம்பு. ஆனந்தனின் தங்கை மோகனப்பிரியா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயில் சீல் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது வருஷம் இதை வாங்கினாள். வாங்கும்போது அது கார் மாதிரியே இல்லை. மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகளைப் போட்டு அதைக் காராக்கினாள். அம்மா பார்வதம் அந்த மூன்று வருஷமும் தலையில் அடித்துக்கொண்டதில் கை வலி வந்ததுதான் மிச்சம்.

இப்போது அந்தக் காருக்குத்தான் ஆபத்து. மாப்பிள்ளை ஸ்ரீகாந்துக்குக் காரும் பிடிக்கும், காருக்குச் சொந்தக்காரியையும் பிடிக்கும். அவன் அப்பா ரகுநாதன்தான் பிடி கொடுக்கவில்லை. ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, குவார்ட்டர்ஸைக் காலி செய்து காட்டுப்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டவர். நடுவழியில் நிற்கிற வண்டியை அவர் வண்டி என்றே ஒத்துக்கொள்வதில்லை. நிச்சயதார்த்தத்தன்று, எல்லாரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தன் பேச்சை அளந்து வைத்தார்.

"மாப்பிள்ளை அழைப்புக்கு உன் காரே வரட்டும்மா. கோயில்லேர்ந்து மண்டபம் வரைக்கும் என் பையனை நடுவுல அணையாம கொண்டுவந்து சேர்த்துட்டா, கார் நம்ம வீட்டுக்கு வரட்டும். அணைஞ்சுதுன்னா, பூந்தமல்லில யாரோ கேக்கறாங்கன்னு சொன்னியே, அவங்களுக்கே குடுத்துடலாம்."

சரி மாமா என்றுவிட்டாள் மோகனப்பிரியா. யோசிக்கக்கூட இல்லை. அவள் காரை நம்பினாள். காரை அவ்வப்போது எடுத்துப்போன அண்ணனையும் நம்பினாள்.

அந்த அண்ணன் செய்த காரியம் இது. ஆனந்தன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன், பதினெட்டு வருஷ அனுபவம். திறந்த கார் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் சிநேகிதர்கள் சும்மா இருப்பார்களா. தையில் இரண்டு, மாசியில் ஒன்று, ஆக மூன்று மாப்பிள்ளை அழைப்புக்குச் சிவப்பியை ஓட்டிக்கொண்டு போனான். காற்றுப் பிடிக்கப் போகிறேன், பெட்ரோல் போடப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான். ஊர்வலம் போகிற வேகம் எல்லாருக்கும் தெரியும். மேளக்காரர் நின்றால் நிற்க வேண்டும், ஆடுகிற பசங்களுக்கு அலுக்கும்வரை ஊர வேண்டும். அதற்கு ஒரே வழி ஆஃப் கிளட்ச்: கிளட்சை முழுசாக மிதிக்காமலும் முழுசாக விடாமலும் நடுவில் பிடித்துக்கொண்டு நகர்த்துவது. சென்னையில் வண்டி ஓட்டுகிற எவருக்கும் இது தாய்மொழி மாதிரி. கிளட்ச் பிளேட்டுக்கு மட்டும் அந்த மொழி ஆகாது, தேய்ந்து தேய்ந்து கருகிவிடும்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு சேர்ந்த ஆனந்தன், முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு கதை சொன்னான். எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் நடுவில் ஒரு ரப்பர் சீல் இருக்கிறதல்லவா, அது போய்விட்டது, ஆயில் ஒழுகிப் பிளேட்டில் ஏறி வழுக்குகிறது என்றான். அதற்குச் சாட்சியாக வாசலில் நாலு சொட்டு ஆயிலையும் காட்டினான். மோகனப்பிரியா குனிந்து பார்த்தாள். சீல் அவளுக்குச் சோறு போடுகிற பொருள். கிளட்ச் செட்டுக்குக் கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள். சீலுக்கு அளவு சொல்லி அம்பத்தூரில் ஒரு கடையில் எடுத்து வைக்கச் சொன்னாள்.

தெரிந்த மெக்கானிக் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, இந்த மாதிரி வண்டியில் கை வைத்ததில்லை, கல்யாணம் முடியட்டும் என்று கழன்றுகொண்டார்கள். நானே செய்கிறேன் என்று மோகனப்பிரியா சட்டைக் கையை மடிப்பதற்குள் பார்வதம் குறுக்கே வந்து நின்றாள். புதன்கிழமை காலையில்தான் பெண்ணுக்கு நலங்கு வைத்திருந்தது. நலங்கு வைத்த பெண் தாலி கட்ட மண்டபத்துக்குப் போகும்வரை வாசப்படி தாண்டக் கூடாது. அதில் பார்வதம் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கமாட்டாள்.

ஆகவே ஏற்பாடு இப்படி ஆயிற்று. வைகாசி மாசம், ஸ்கூல் லீவு, ஆனந்தனுக்கு வேன் இல்லை. சிவப்பியை ஹால் ஜன்னலை ஒட்டி நிறுத்தி, வேன் ஷெட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்டாண்டுகளில் ஏற்றினான். ஜன்னல் கம்பிக்கு உள்ளே, முகமெல்லாம் மஞ்சளோடு மோகனப்பிரியா நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவள் சொல்லச் சொல்ல இவன் கழற்ற வேண்டும். பதினெட்டு வருஷம் ஓட்டினவனுக்குப் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எது என்று தெரியவில்லை என்பது அந்தத் தெருவுக்கே தெரிந்துபோனது. எதிர்வீட்டு பொன்னியம்மா துணி காயப் போடும் சாக்கில் மூன்று தடவை மாடிக்கு வந்து பார்த்தாள். அவ்வளவு துணி அந்த வீட்டில் கிடையாது.

வியாழன் மத்தியானம் கியர்பாக்ஸ் இறங்கியது. கிளட்ச் மூடியைக் கழற்றியதும் பிளேட் கையில் வந்து விழுந்தது. ஆனந்தன் அதை முந்தானை மறைவில் வைத்துக்கொள்கிற மாதிரி லுங்கியில் சுற்றப் பார்த்தான். ஜன்னலிலிருந்து கை நீண்டது.

"இங்க குடுண்ணே."

கொடுத்தான். மோகனப்பிரியா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். மோந்து பார்த்தாள். பிறகு எஞ்சின் பக்கம் டார்ச் அடிக்கச் சொன்னாள். பிளைவீல் என்கிற அந்தக் கனத்த இரும்புத் தட்டில் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது.

"ஆயில் ஏறின பிளேட்டு வழவழன்னு மின்னும்ணே. இது காஞ்ச தோசக்கல்லு மாதிரி கீது. சீல் கொஞ்சம் கசியுது, ஒத்துக்கறேன். ஆனா இது ஆயில் இல்ல, சூடு." பிளேட்டை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். "எத்தினி கல்யாணம்?"

ஆனந்தன் திருதிருவென விழித்தான். குட்டு இவ்வளவு சுத்தமாக உடையும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கிரீஸ் படிந்த கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினான்.

திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பிளேட்டை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நாற்காலி காலியாக இருந்தது. அப்பா போனபின் தங்கையைப் படிக்கவைத்தது தான்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன், அவள் ஆசையாகச் செய்துவைத்த ஒரே பொருளைத் தன் இடது காலால் கருக்கிவிட்டான். அதற்கு மேல் பொய் வேறு சொல்லியிருந்தான். காருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். கழுவினதையே இரண்டாம் தடவையும் கழுவினான்.

அரைமணி கழித்து நாற்காலி கிறீச்சிட்டது. மோகனப்பிரியா ஒரு டம்ளர் மோரைக் கம்பி வழியாக நீட்டினாள்.

"பிளைவீலைக் கழட்டி லேத்துக்கு எடுத்துனு போ. நீலம் போற வரைக்கும் ஒரு சுத்து உரசச் சொல்லு. வர்றப்ப சீலை வாங்கிக்கினு வா. தொறந்தது தொறந்தாச்சு, ரெண்டையும் மாத்திடலாம்."

அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. எடுக்காததுதான் அவனை அறுத்தது.

வெள்ளிக்கிழமை சீல் வைக்கிற நாள். பழையதை நோண்டி எடுத்தான். புதியது கறுத்துப் பளபளவென்று, உதட்டுக்குள் மெல்லிய ஸ்பிரிங்கோடு இருந்தது. ஆனந்தன் சுத்தியலை எடுத்தான். உள்ளிருந்து மோகனப்பிரியா போட்ட சத்தத்தில் பொன்னியம்மா மாடியில் துணியை நழுவவிட்டாள். கோணலாக ஒரு அடி விழுந்தால் சீல் அன்றைக்கே செத்தது என்று அர்த்தம். பாத்ரூம் பைப்புக்கு மாட்டுகிற நாலங்குல பிளாஸ்டிக் மூடி ஒன்று வீட்டில் கிடந்தது. அதைச் சீலின் மேல் கவிழ்த்து, சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டச் சொன்னாள். ஆனந்தன் மூச்சு விடாமல் தட்டினான். சீல் ஒரே மட்டமாக உள்ளே போய் உட்கார்ந்தது. சம்பள நாளில்கூட அவன் அப்படிச் சிரித்ததில்லை.

அந்த நேரம் பார்த்து ரகுநாதன் போன் செய்தார். எடுத்தது பார்வதம். வீட்டில் என்ன நடக்கிறது என்று சம்பந்தி கேட்டதற்கு, அவள் அறிந்த மட்டும் பதில் சொன்னாள்.

"காருக்கு சீல் வெச்சிக்கினு கீறாங்க சம்பந்தி. காலைலேர்ந்து அதான் வேலை. ஆனந்தன் கூடவே நின்னு பாத்துக்கறான்."

அந்தப் பக்கத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. போன் வைக்கப்பட்டுவிட்டது. பார்வதம் தோளைக் குலுக்கிக்கொண்டு முறுக்கு மாவைப் பிசையப் போனாள்.

மிச்சம் இருந்தது கியர்பாக்ஸை ஏற்றுவதுதான். கோயம்புத்தூரிலிருந்து வந்த புதுப் பிளேட்டை நட்டநடுவில் நிறுத்தினால்தான் கியர்பாக்ஸின் தண்டு அதற்குள் வழுக்கிக்கொண்டு போகும். ஆனந்தன் கண்ணளவிலேயே நடு பார்த்து வைத்தான். பத்துத் தடவை ஜாக்கியில் ஏற்றினான், பத்துத் தடவையும் தண்டு வாசலிலேயே முட்டியது. மோகனப்பிரியா ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடது, மேலே, கொஞ்சம் கீழே என்று கத்தித் தொண்டை கட்டிக்கொண்டாள். அடுப்படியில் முறுக்கு பொரியும் சத்தம் கேட்டது. அம்மா இப்போதைக்கு வரமாட்டாள். கல்யாணப்பெண் வாசப்படியைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், ஒரே தாண்டு. அடுத்த நிமிஷம் சிவப்பியின் அடியில் மஞ்சள் பாதம் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன.

பிளேட்டைத் தடவி மயிரிழை நகர்த்திக்கொண்டிருந்தபோது தெருவில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ரகுநாதன். காட்டுப்பாக்கத்திலிருந்து ஒரே மூச்சில் வந்திருந்தார். கையில் ஒரு ஃபைல். அதில் ஆதார் நகல், ஓய்வூதிய அடையாள அட்டை, தெரிந்த வக்கீலின் விசிட்டிங் கார்டு.

"எந்த ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காங்க? எங்க அவங்க? நான் பேசிக்கறேன்" என்றார், மூச்சு வாங்க.

ஆனந்தனுக்கு ஒன்றும் புரியவில்லை. யார் மாமா என்றான். சீல் வைக்கிறார்களாமே என்றார் அவர். வைத்தாயிற்று மாமா, அருமையாக உட்கார்ந்துவிட்டது என்றான் இவன் பெருமையாக. ரகுநாதன் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டார். காரைச் சுற்றி வந்து, கதவில் அரக்கு முத்திரையும் நூலும் எங்கே என்று தேடினார். அப்போதுதான் அந்த மஞ்சள் பாதங்கள் கண்ணில் பட்டன. குனிந்து பார்த்தார். எதிர்கால மருமகள் கன்னத்தில் கிரீஸோடு அவரைத் தலைகீழாகப் பார்த்தாள்.

எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் எழுந்து ஓடியிருப்பாள். மோகனப்பிரியாவால் ஓட முடியாது. கியர்பாக்ஸின் தண்டு அந்த நொடி பிளேட்டின் வாயில் இருந்தது.

"மாமா, அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் புடிங்க. தோ, நேரா கீது, உட்டா போயிடும்."

முப்பது வருஷப் பழக்கம் மனிதரை யோசிக்க விடவில்லை. அவர் கை வைத்துப் பழகிய கியர்பாக்ஸுக்குக் கிரேன் வேண்டும். இது அவருக்குப் பூசணிக்காய் மாதிரி. ஃபைலைத் தரையில் போட்டார், வேட்டியை மடித்தார், மண்டியிட்டுத் தூக்கினார். ஆனந்தன் இந்தப் பக்கம் தள்ளினான். தொப்பென்ற ஒரு சின்னச் சத்தத்தோடு கியர்பாக்ஸ் எஞ்சினோடு போய்ச் சேர்ந்தது. மூன்று பேர் முகத்திலும் ஒரே சிரிப்பு.

எழுந்த பிறகுதான் அவருக்குத் தன் வேட்டியும், சீலும், வந்த வேலையும் ஞாபகம் வந்தன. ஆனந்தன் விஷயத்தை விளக்கியதும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மோகனப்பிரியா, தான் படி தாண்டியதை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினாள்.

"நான் எதைப் பார்த்தேன்? சீல் விஷயமா வந்தேன், முறுக்கு தின்னேன், போறேன்" என்றார். பிறகு ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டே குரலை மாற்றினார். "ஆனா பேச்சு பேச்சுதாம்மா. அணையாம வரணும்."

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் மோகனப்பிரியா அண்ணனை ஜன்னலண்டை கூப்பிட்டாள். ஃபர்ஸ்ட் கியரில் போட்டுக் கிளட்சை முழுசாக விட்டுவிடு, ஆக்சிலேட்டரும் வேண்டாம், வண்டி தானாகக் கொஞ்சம் வேகமாக நடக்கிற மாதிரி போகும், ஊர்வலம் அதற்குத் தகுந்த மாதிரி வரட்டும் என்று சொன்னாள். புதுப் பிளேட் இன்னும் படியவில்லை, ஒரு கிலோமீட்டர் ஆஃப் கிளட்ச் அடித்தால் பாதியிலேயே கருகி நின்றுவிடும் என்றும் சொன்னாள். கடைசியாகச் சொன்னதுதான் அவன் மனசில் நின்றது.

"உன் மேல நம்பிக்கை கீதுண்ணே. உன் காலு மேலதான் இல்ல."

ஆனந்தனுக்கும் தன் காலின் மேல் நம்பிக்கை இல்லை. பதினெட்டு வருஷம் கிளட்சின் மேலேயே குடியிருந்த கால். சொல்லாமல் கொள்ளாமல் தானாகப் போய் மிதிக்கும்.

சனிக்கிழமை சாயந்தரம் பிள்ளையார் கோயில் வாசலில் சிவப்பி பூமாலைகளோடு நின்றாள். ஸ்ரீகாந்த் மாலையும் கழுத்துமாக ஏறி உட்கார்ந்தான். ஆனந்தன் பேண்டு செட் தலைவர் பக்தவத்சலத்திடம் போய், கொஞ்சம் வேகமாக நடந்து வாசிக்க வேண்டும் என்றான். எவ்வளவு வேகம் என்று அவர் கேட்டார். பஸ் கிளம்பப் போகும்போது நடக்கிற வேகம் என்றான். அவர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கிளாரினெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெல்ட்டை இறுக்கினார்.

கியரைப் போட்டான். கிளட்சை மெல்ல விட்டான். சிவப்பி அசைந்தாள். உடனே ஆனந்தன் இடது காலைத் தூக்கி, மடக்கி, சீட்டின் மேல் வலது தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். திறந்த கார், எல்லாருக்கும் தெரிந்தது. பெண்ணின் அண்ணன் பூஜைக்கு உட்கார்ந்த மாதிரி அரைச் சம்மணத்தில் வண்டி ஓட்டி வருவதைப் பட்டாபிராம் அதுவரை பார்த்ததில்லை.

ஊர்வலம் பறந்தது. டிரம்ஸ்காரர்களுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆட வந்த பசங்கள் ஆட நேரமில்லாமல் ஓடினார்கள். சீர்வரிசைத் தட்டு ஏந்திய பெண்கள் புடவையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார்கள். முன்னால் பட்டு வேட்டியில் ரகுநாதன், காதை எஞ்சின் பக்கம் சாய்த்தபடி, பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போனார்.

மண்டபத்துக்கு நூறு அடி இருக்கும்போது சந்திலிருந்து ஒரு தண்ணி லாரி ரிவர்ஸில் வந்து ரோட்டை அடைத்தது. நிறுத்தியாக வேண்டும். ஆனந்தன் இடது காலைக் கூப்பிட்டான், கால் வரவில்லை. மரத்துப்போய்விட்டது. பிரேக்கை மட்டும் மிதித்தால் எஞ்சின் அணையும். அணைந்தால் சிவப்பி பூந்தமல்லிக்குப் போவாள். அவன் வேன்காரன் புத்தி வேலை செய்தது. எஞ்சின் இழுப்பு தளர்கிற அந்த ஒரு நொடி பார்த்து, கிளட்சே இல்லாமல் கியரை வெடுக்கென்று நியூட்ரலுக்குப் பிடுங்கினான். பிறகு பிரேக். சிவப்பி நின்றாள், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ரகுநாதன் திரும்பிப் பார்த்தார், காதைத் தீட்டிக் கேட்டார், மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார்.

லாரி விலகியது. மறுபடி கிளம்பக் கிளட்ச் வேண்டும், கிளட்சுக்குக் கால் வேண்டும்.

"மாப்ள, என் காலைப் புடிங்க" என்றான் ஆனந்தன், பல்லைக் கடித்துக்கொண்டு. "மரத்துப்போச்சு. புடிச்சு கிளட்ச் மேல வெச்சு அமுக்குங்க. சொல்றப்ப மெள்ள உடுங்க."

ஸ்ரீகாந்த், மாலை சரிய, தலைப்பாகை சாய, குனிந்து மச்சானின் காலை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இறக்கி அமுக்கினான். வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு வேறு மாதிரி தெரிந்தது. மாப்பிள்ளை மச்சான் காலில் விழுகிறார் என்று யாரோ சொன்னார்கள். பக்தவத்சலம் அதற்கென்று கிளாரினெட்டில் தனியாக ஒரு இழுப்பு இழுத்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மரியாதையா என்று சீர்த்தட்டுப் பெண்களில் ஒருத்திக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்தச் சந்தடியில் சிவப்பி மெல்ல உருண்டு, மண்டபத்து வாழைமரத்தடியில் போய் நின்றாள். எஞ்சினை ஆனந்தன் சாவியால்தான் அணைத்தான்.

ஆரத்தித் தட்டு இன்னும் தயாராகவில்லை. யாரும் இவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கவில்லை. ரகுநாதன் மூச்சு வாங்கியபடி வந்து சிவப்பியின் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"என் காரைத் தெருவுல விட்டுக்கறேன். போர்ட்டிகோ இவளுக்கு" என்றார்.

ஆனந்தன் இறங்கி, ஊசி குத்துகிற காலைத் தரையில் உதறினான். மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். மல்லிகை வாசம், பக்கத்தில் சமையல் கட்டு சாம்பார் வாசம். கருகல் இல்லை. தங்கை போய்விடுவாள், சிவப்பியும் அவளோடு போய்விடுவாள், நாளையிலிருந்து வாசல் வெறிச்சென்று இருக்கும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

நிமிர்ந்து பார்த்தான். மண்டபத்து மாடி ஜன்னலில் மோகனப்பிரியா, பாதி அலங்காரத்தில், தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தவளை உதறிவிட்டு வந்து நின்றாள். கீழே எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. நொண்டிக்கொண்டு நிற்கிற அண்ணனின் இடது காலைப் பார்த்தாள். பார்த்து முடித்துவிட்டு, மருதாணிக் கையைக் கம்பிக்கு வெளியே நீட்டி, நாலு விரலைக் காட்டினாள்.